பிள்ளை இடுப்பில், டிக்கெட் கையில்

வாசகர் கேள்வி – பதில்

முழு ஆண்டுத் தேர்வு முடியப் போகிறது. "மூத்தவனைத் தீம் பார்க் கூட்டிப் போகணும், சின்னதை என்ன செய்வது?" என்ற கேள்வி தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து இந்த மாதம் பல வடிவங்களில் வந்திருக்கிறது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

பெரியவனுக்கு ஏழு வயது. சென்னையில் தீம் பார்க் போகவேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறான். பாப்பாவுக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். மே மாதம் போகலாமா? மாமியார் கூடாது என்கிறார்.
— வாசகி, கும்பகோணம்

மாமியார் சொல்வதுதான் சரி. மே மாதம் வேண்டாம். மே 4-லிருந்து 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த வெயிலில் திறந்தவெளியில் ஆறேழு மணி நேரம் கைக்குழந்தையால் தாங்க முடியாது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம். அதனால் வெளியிலிருக்கும் சூடு சீக்கிரம் உள்ளே ஏறுகிறது. அதை வியர்வையாக வெளியேற்றும் திறனோ குறைவு. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் தடவக் கூடாது. தண்ணீரும் கொடுக்கக் கூடாது. நிழலும் தாய்ப்பாலும்தான் அதற்கு உள்ள பாதுகாப்பு. வெயில் நாளில் வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுக்க வேண்டியிருக்கும். அதாவது உங்கள் நாள் முழுவதும் ஒரு நிழலிலேயே போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்ததும்தான் போடப்படுகிறது. அதற்கு முன் விடுமுறைக் கூட்டத்துக்குள் குழந்தையைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

எங்கள் யோசனை இதுதான். காலாண்டு விடுமுறைவரை பொறுங்கள். பாப்பாவுக்கு அப்போது பத்து மாதம் ஆகியிருக்கும், தடுப்பூசி போட்டிருக்கும், இட்லி சாப்பிடும், வடகிழக்குப் பருவமழையும் பிடித்திருக்காது. பெரியவன் அதுவரை பொறுக்கமாட்டான் என்றால் அவனை அப்பா மட்டும் கூட்டிப் போகட்டும். நீங்களும் பாப்பாவும் வீட்டில் இருங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தீம் பார்க்கில் கிடைப்பது பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவின் முகமும் அசையும் மரக்கிளையும் கும்பகோணத்திலேயே இருக்கின்றன.

குடும்பமாகப் போகும்போது பெரியவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துகொள்ளுங்கள். ஓர் அணி சவாரிக்குப் போகும்போது மற்றது குழந்தையோடு இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். பல குடும்பங்களில் பாட்டிதான் நாள் முழுக்கப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அறுபத்தைந்து வயதுக்காரருக்கும் அதே வெயில்தான். அவருக்கும் தண்ணீர் வேண்டும், கழிவறைக்குப் போய்வர ஆள் வேண்டும்.

மகளுக்கு இரண்டரை வயது. டிக்கெட் வாங்க வேண்டுமா? "சின்னப் பிள்ளைக்கு இலவசம்" என்கிறார்களே?
— வாசகர், மன்னார்குடி

பெரிய பூங்காக்களில் வயதைவிட உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். வொண்டர்லாவில் 85 செ.மீ. வரை இலவசம். 85-லிருந்து 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் சராசரி உயரமே ஏறத்தாழ 86 செ.மீ., ஆண் குழந்தைக்கு 87. ஆகவே உங்கள் மகளுக்கு டிக்கெட் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

வீட்டிலேயே அளந்துவிடலாம். செருப்பைக் கழற்றி, குடுமியை அவிழ்த்து, குதிகால், பிட்டம், தோள், பின்தலை நான்கும் சுவரில் படுமாறு நிறுத்துங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தலைமேல் வைத்து, அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தையல் டேப்பால் தரையிலிருந்து அளந்தால் போதும். இந்த ஓர் எண் கையில் இருந்தால் பூங்காவின் இணையப் பக்கத்தில் எந்தெந்தச் சவாரி இவளுக்கு உண்டு என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். 120 செ.மீ. கேட்கும் சவாரிகள் ஏராளம். அந்த உயரம் பெரும்பாலும் ஏழு வயதில்தான் வரும். இரண்டரை வயதுக்குக் குழந்தைகள் ரயில், குதிரைச் சுற்று, முழங்கால் ஆழக் குளம் என்று நாலைந்துதான் தேறும். அது தெரிந்தபின் அவ்வளவு தூரம் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

என் பையனுக்கு மூன்று வயது. கெட்டிக்காரன், பயமே இல்லை. நான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லியும் சவாரி ஊழியர் விடவில்லை. இதில் என்ன ஆபத்து?
— வாசகர், தஞ்சாவூர்

அந்த ஊழியர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

சவாரி இருக்கையில் மடிக்குக் குறுக்கே இறங்கும் இரும்புத் தடுப்பைக் கவனித்துப் பாருங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே தடுப்பு இருந்தால், யாருடைய தொடை பருமனோ அவர் தொடையில் முட்டியதும் அது நின்றுவிடும். உங்கள் தொடையில் முட்டி நிற்கும் தடுப்புக்கும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் தொடைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். வண்டி சட்டென்று இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும், திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும். அந்த ஒரு சாண் வழியாகப் பிள்ளை நழுவிவிடுவான். மடியில் வைத்தால் இன்னும் மோசம். தடுப்பு அவன் வயிற்றை அழுத்தும், பின்னாலிருந்து உங்கள் முழு எடையும் அவன்மேல் சாயும். கையால் பிடித்துக்கொள்வது நின்றுகொண்டிருக்கும்போதுதான் பலம். உலுக்கும் சவாரியில் உங்கள் கையே உங்களுக்குச் சொந்தமில்லை.

கழுத்தையும் யோசிக்க வேண்டும். சிறு குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசையோ இன்னும் முற்றாதது. வெடுக்வெடுக்கென்று இழுக்கும் எதுவும் இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம், அது குழந்தைகள் சவாரி என்று எழுதியிருந்தாலும்கூட. பிள்ளை ஏறுவதற்கு முன் அந்தச் சவாரி ஒரு முழுச் சுற்று ஓடுவதை நின்று பாருங்கள். உட்கார்ந்திருப்பவர்களின் தலை எவ்வளவு ஆடுகிறது என்பதே உங்களுக்கு விடை சொல்லிவிடும்.

பயமில்லாத பிள்ளைதான் அதிகக் கவலை தரும் பிள்ளை. ராட்டினம் உச்சியில் நின்றதும் எழுந்து நிற்பது அவன்தான். உயரமும் வேண்டும், "எழுந்திருக்காதே" என்றால் சுற்று முடியும்வரை உட்கார்ந்திருக்கும் பக்குவமும் வேண்டும்.

சறுக்கு மரத்திலும் மடியில் வைத்துச் சறுக்காதீர்கள். இது பலருக்குத் தெரியாத விஷயம். தனியாகச் சறுக்கும் பிள்ளையின் கால் ஓரத்தில் உரசினால் அவனே நின்றுவிடுவான். உங்கள் மடியில் இருக்கும்போது அவன் செருப்பின் ரப்பர் அடி சறுக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும், உங்கள் எடை மட்டும் கீழே போய்க்கொண்டே இருக்கும். நடுவில் முறுக்கப்படுவது அவனுடைய முழங்காலுக்குக் கீழ் எலும்பு. இப்படி உடைந்த காலோடு எலும்பு மருத்துவரிடம் வரும் பிள்ளைகள் உண்டு.

மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்கு ஒன்றரை வயதுப் பையனோடு எப்படிப் போவது நல்லது? காரில் போனால் வாந்தி எடுக்கிறான். அவோமின் கால் மாத்திரை கொடுக்கலாமா?
— வாசகி, மயிலாடுதுறை

மாத்திரையை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்கக் கூடாது. அவோமினில் இருப்பது புரோமெத்தசின். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது மூச்சை அடக்கிவிடக்கூடும். காலாக உடைத்தாலும் அரைக்காலாக உடைத்தாலும் ஆபத்து ஆபத்துதான். "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கொடுப்போம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ரயில்தான் உங்களுக்கு நல்லது. ஐந்து வயது வரை தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. பலரும் உழவன், மன்னை என்று இரவு ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கிய பிறகுதான் சிக்கல் தெரிகிறது. பூங்கா திறக்கப் பத்து மணிக்கு மேல் ஆகும். அதுவரை தூக்கம் கலைந்த பிள்ளையோடு எங்கே உட்காருவது? ஒன்று, காலையில் குளித்துப் படுக்க ஓர் அறை எடுங்கள். இல்லையென்றால் பகலில் போகும் சோழனில் ஏறி, இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை தூங்கி எழுந்த பிள்ளையோடு கிளம்புங்கள். ஒரு நாள் கூடுதல் செலவுதான், ஆனால் பிள்ளை சிரித்த முகத்தோடு உள்ளே போவான்.

எழும்பூர் வரை போய்த் திரும்பி வரவும் வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காக்களுக்கும், 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்த வொண்டர்லாவுக்கும் தாம்பரத்தில் இறங்கினால் போதும். பேருந்தென்றால் கிளாம்பாக்கம். அரசுப் பேருந்துகளிலும் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது. பெரிய பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை 2015-லிருந்து இருக்கிறது. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் சாவி கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

காரில்தான் போவீர்கள் என்றால் குழந்தை இருக்கை வேண்டும். இரண்டு வயது வரையாவது பின் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி பொருத்த வேண்டும். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போவதும், ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவதும் மோதலில் பிள்ளையை நசுக்கும். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. வாந்திக்கு: புறப்பட ஒரு மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பாடு, நிறையப் பால் வேண்டாம், செல்போன் காட்ட வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி நடக்க விடுங்கள். அவன் வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் புறப்படுவதுதான் இருப்பதிலேயே நல்ல மருந்து.

குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிட்டு, உறவினர்கள் எல்லாரும் அப்படியே தண்ணீர்ப் பூங்கா போவதாகத் திட்டம். குழந்தைக்கு 11 மாதம். தண்ணீரில் இறக்கலாமா?
— வாசகி, திருவாரூர்

மொட்டையும் காதுகுத்தும் ஆகிவிட்டால் அன்று இறக்கக் கூடாது. காது குத்திய புண் ஆற ஆறு வாரம் பிடிக்கும். நூறு பேர் இறங்கிய குளத்துநீர் அந்தப் புண்ணில் பட்டால் சீழ் வைக்கும். மொட்டைத் தலையோ அதுவரை வெயிலே படாத தோல். சந்தனம் பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் வெயிலைத் தடுக்காது. காய்ந்து உதிர்ந்தபின் அதுவும் இல்லை. அகல விளிம்புள்ள பருத்தித் தொப்பி, தாடைக்குக் கீழே கட்டும் கயிறில்லாதது, ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். சவரக் கத்தி பட்ட கீறல் இருந்தால் அதையும் புண்ணாகவே கணக்கில் எடுங்கள். திட்டத்தை மாற்றுவது கஷ்டம் என்றால் வரிசையையாவது மாற்றுங்கள். முதல் நாள் பூங்கா, அடுத்த நாள் கோயில்.

தண்ணீரில் இறக்கும் முன் உடம்பில் இருப்பதையெல்லாம் கழற்றுங்கள். வசம்பு வளையலில் ஒரு மணி கழன்றால் வாய்க்குத்தான் போகும். தொண்டையை அடைக்கும், விழுங்கினாலும் கெடுதல். கொலுசின் திருகு சறுக்கு இடுக்கில் மாட்டும். கண்மை கரைந்து கண்ணுக்குள் போகும். அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டாதீர்கள். ஈரத்தில் எண்ணெய்ப் பிள்ளை மீன் மாதிரி கையை விட்டு வழுக்கும். அரைஞாண் கயிறு இடுப்போடு ஒட்டி இருந்தால் பரவாயில்லை, தொங்கும் தாயத்து வேண்டாம்.

சாதாரண டயப்பரோடு குளத்தில் இறக்குவது பரவலாக நடக்கிற தவறு. அதற்குள் இருக்கும் தூள், சிறுநீரை உறிஞ்சிக் கட்டியாக்குவதற்கானது. குளத்துநீரையும் அப்படியே உறிஞ்சும். ஐந்து நிமிடத்தில் பூசணிக்காய் மாதிரி உப்பி, தையல் பிரிந்து, கொழகொழவென்று வெளியே வரும். நீச்சல் டயப்பர் என்று தனியாகக் கிடைக்கிறது. அது மலத்தைப் பிடித்து வைக்கும், சிறுநீரைப் பிடிக்காது. ஆகவே அறையிலிருந்தோ வண்டியிலிருந்தோ போட்டுக்கொண்டு போகாமல், குளத்தருகே போனபின் மாட்டுங்கள். மணிக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும்.

பருத்தி உடையைப் பல பூங்காக்கள் குளத்துக்குள் அனுமதிப்பதில்லை. அது நனைந்தால் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும். முழுக்கை நைலான் நீச்சலுடை வாங்குங்கள். நீல நிறம் வேண்டாம், வெளிர்பச்சையும் வேண்டாம். நீலத் தரைபோட்ட குளத்தில் மூழ்கிய பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போவது அந்த நிறங்களில்தான். பளிச்சென்ற ஆரஞ்சு நல்லது.

11 மாதக் குழந்தைக்கு முதல் முறை பத்து நிமிடம். உதடு நிறம் மாறினாலோ உடல் நடுங்கினாலோ நேரம் பார்க்காமல் தூக்கிவிடுங்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டை விளையாட்டுச் சாமான்தான், உயிர்காக்கும் கருவி இல்லை. கழன்றுவிடும், காற்று இறங்கும். குழந்தை தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் ஒரு பெரியவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். யார் அந்தப் பெரியவர் என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். பத்து உறவினர்கள் சுற்றி நிற்கும் இடத்தில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். மூழ்கும் குழந்தை கத்தாது, கையையும் ஆட்டாது. சத்தம் நின்றுபோவதுதான் ஆபத்தின் அடையாளம்.

மூச்சு முட்டத் தண்ணீர் குடித்த பிள்ளை அதற்குப்பின் விடாமல் இருமினாலோ வேகமாக மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையை எந்த டயப்பரோடும் இறக்காதீர்கள். சில கிருமிகள் குளோரின் கலந்த தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். உங்கள் பிள்ளையிடமிருந்து ஊரார் பிள்ளைகளுக்குப் பரவும்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை என்கிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு என்ன செய்வது?
— வாசகி, பாபநாசம்

குழந்தை உணவுக்கு வாயிலில் விலக்குக் கேட்கலாம். பெரியவர்களின் புளிசாதப் பொட்டலத்தோடு கலக்காமல் தனிப் பையில், குழந்தை சாப்பிடும் அளவுக்கு மட்டும் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

தயிர்சாதம் வேண்டாம். வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளித்துக் கெட்டுவிடும். பருப்புசாதமும் அப்படித்தான். காலையில் அவித்து ஆறவைத்து, நல்லெண்ணெய் தடவிய இட்லி நான்கு, மதியம்வரை தாங்கும். மலைவாழைப்பழம் இரண்டு. சத்துமாவை வறுத்த மாவாகவே எடுத்துப்போய், ஃபிளாஸ்க் வெந்நீரில் அவ்வப்போது ஒரு வேளைக்கு மட்டும் கரைத்துக் கொடுங்கள். பால்மாவும் அதே விதம். கரைத்த பால் இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகாது, குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம்தான். மீதியைக் கொட்ட மனம் வராமல் அடுத்த வேளைக்கு வைப்பதில்தான் வயிற்றுப்போக்கு தொடங்குகிறது.

வேர்க்கடலை, பொரிகடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை நான்கும் இந்த வயதில் மூச்சுக்குழாயை அடைக்கும். வரிசையில் நிற்கும்போது பிள்ளை அழாமல் இருக்க இவற்றைத்தான் கையில் கொடுக்கிறார்கள்.

ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட் வைத்திருங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். 4.2 கிராம் சின்னப் பாக்கெட்டுக்கு 200 மி.லி. கண்ணளவாகப் பாதித் தூளைப் போட்டால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். கரைத்தது 24 மணி நேரம்தான். வயிற்றுப்போக்கு ஒவ்வொரு முறை ஆனபின்னும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பழ பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. சர்க்கரை அதிகமாகிப் பேதி கூடும். ஆறு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, எழுப்பினால் சோர்ந்து சாய்கிறது என்றால் பூங்காவின் முதலுதவி அறைக்குப் போங்கள் அல்லது 108-ஐ அழையுங்கள்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வருடா வருடம் போகிறோம். அங்கே தற்காலிகமாகப் போடும் ராட்டினம், பலூன் சறுக்கில் மூன்று வயதுப் பேத்தியை ஏற்றலாமா?
— வாசகர், நாகப்பட்டினம்

ஆகஸ்ட் 29-லிருந்து செப்டம்பர் 8 வரை லட்சக்கணக்கானவர்கள் கூடும் இடம் அது. நிரந்தரப் பூங்காவில் இயந்திரம் கான்கிரீட்டில் நிற்கும். திருவிழாவில் மணலிலோ களிமண்ணிலோ மரக்கட்டை அடுக்கி நிறுத்துவார்கள். முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். கட்டைகள் நான்கு பக்கமும் சமமாக அழுந்தி நிற்கின்றனவா, ஒரு பக்கம் மட்டும் மண்ணில் இறங்கியிருக்கிறதா? முந்தின இரவு மழை பெய்திருந்தால் நம் களிமண் பூமி இளகும். அன்று பெரிய ராட்டினம் எதிலும் ஏற்றாதீர்கள்.

அடுத்து, தொட்டில் கதவின் கொக்கியைப் பாருங்கள். தாழ்ப்பாளுக்குள் ஒரு பின் சொருகி, அதன் நுனி இரண்டாகப் பிரிந்து வளைந்திருக்க வேண்டும். பின்னுக்குப் பதில் கம்பியோ கயிறோ சுற்றியிருந்தால் வேண்டாம். ஜெனரேட்டரிலிருந்து வரும் ஒயர் தண்ணீர் தேங்கிய இடத்தில் கிடந்தால் அந்த இரும்பு வேலியைப் பேத்தி தொடக் கூடாது.

பலூன் சறுக்கில் ஆபத்து பெரிய பிள்ளைகள்தான். பத்து வயதுப் பையன் குதித்தால் மூன்று வயதுக் குழந்தை பந்து மாதிரி எழும்பிப் போய் விழும். அவள் வயதுப் பிள்ளைகள் மட்டும் ஏறும்படி ஐந்து நிமிடம் விடச் சொல்லுங்கள். அதற்கு இன்னொரு டிக்கெட் கூடக் கொடுக்கலாம். கடற்காற்று பலமாக அடிக்கும்போது, கயிறுகள் தரையில் முளையடித்துக் கட்டப்படாமல் மணல் மூட்டையில் மட்டும் நின்றால், ஏற்ற வேண்டாம். பகல் பன்னிரண்டுக்குமேல் அந்த ரப்பர் துணி கொதிக்கும். உங்கள் புறங்கையை ஐந்து விநாடி அதில் வைக்க முடியாவிட்டால் அவள் தொடை தாங்காது.

தள்ளுவண்டியில் குழந்தை தூங்கும்போது வெயில் படாமல் மெல்லிய துணியால் மூடலாமா?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

கூடாது. காற்று போகாமல் உள்ளே உலை மாதிரி சூடேறும். மெல்லிய துணியானாலும் அப்படித்தான், குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. வண்டியின் கூரையை விரித்து, நிழலுக்குத் தள்ளிப்போங்கள். மார்பில் கட்டும் கேரியர் என்றால் குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடை மார்பில் இடிக்காமல் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

கூட்டத்தில் தொலைந்துபோனால்?
— வாசகர், பட்டுக்கோட்டை

காலையில் உள்ளே நுழைந்ததும் அன்றைய உடையோடு ஒரு முழு உருவப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் யாருக்கும் நினைவு வராது. முன்கையின் உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் செல் எண்ணை எழுதி, அதன்மேல் ஒட்டும் பிளாஸ்டரின் தெளிவான வகையை ஒட்டினால் தண்ணீரிலும் அழியாது. பெயர் எழுத வேண்டாம். பெயர் சொல்லி அழைப்பவரோடு பிள்ளை போய்விடும். மூன்று வயதுக்கு மேல் "அம்மா பேர் என்ன?" என்றால் "அம்மா" என்று சொல்லாமல் பெயரைச் சொல்லப் பழக்குங்கள். காணவில்லை என்றதும் முதலில் தேட வேண்டியது குளங்களை. ஒருவர் குளத்துக்கு ஓட, இன்னொருவர் காவலரிடம் சொல்லி வெளிவாயிலைக் கவனிக்கச் செய்ய வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, அவசர எண் 112.

காய்ச்சல் மருந்து எவ்வளவு எடுத்துப் போவது?
— வாசகி, வேதாரண்யம்

ஒரு பாட்டில் போதும், ஆனால் எந்தப் பாட்டில் என்று பாருங்கள். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 100 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125, இன்னொரு சிரப்பில் 250. ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பத்துக் கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்றால் சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி., 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி. ஊரில் கொடுக்கும் பாட்டில் தீர்ந்து, போன இடத்தில் வேறு வலிமை வாங்கி அதே மூடியளவு கொடுப்பதில்தான் இரட்டை அளவு போய்விடுகிறது. உங்கள் மருத்துவர் சொன்ன அளவை மி.கி.யில் எழுதி வாங்கி, பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். இருமல் சிரப்பு இரண்டு வயதுக்குள் எடுத்தே போகாதீர்கள். தடுப்பூசி போட்ட வாரத்தில் பயணமும் வைக்காதீர்கள்.

பொம்மை வேஷம் போட்டவரைப் பார்த்து அலறுகிறாள். பழகட்டும் என்று கையில் கொடுக்கலாமா?
— வாசகர், சீர்காழி

கொடுக்காதீர்கள். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை புதுமுகத்துக்குப் பயப்படுவது வளர்ச்சியின் அடையாளம். படத்துக்காக அவளை அழவைக்க வேண்டாம். பத்தடி தள்ளி நின்று நீங்கள் கையசையுங்கள். அவளும் அசைத்தால் அது போதும்.

பேரன் தூளியில்தான் தூங்குவான். லாட்ஜில் தூளி கட்ட முடியாதே?
— வாசகி, திருவையாறு

மின்விசிறிக் கொக்கியிலும் சன்னல் கம்பியிலும் கட்டாதீர்கள். எந்தக் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ரயில் படுக்கைச் சங்கிலியிலும் வேண்டாம். கிளம்பப் பத்து நாள் முன்பிருந்தே பகல் தூக்கத்தை மட்டும் தரைக்கு மாற்றுங்கள். தூளிச் சேலையைப் பாயின்மேல் நாலாக மடித்து விரித்து, அவனைக் கிடத்தி, நீங்கள் வழக்கமாகப் பாடும் அதே தாலாட்டோடு தொடையில் தட்டிக்கொடுங்கள். முதல் மூன்று நாள் அழுவான். ஊருக்குப் போகும்போது அந்தச் சேலையைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள்.